பில்லும் கடிக்காமல், காதும் வலிக்காமல்: இரவுச் சாப்பாட்டுக்கு இடம் தேடும் அனுபவம்

பல வருடங்களாக, இரவு வெளியே சாப்பிட இடம் தேடுவதற்கு போனில் இருக்கும் மேப் ஆப்தான் எனக்குத் துணை. பில் கையைக் கடிக்கக் கூடாது, உட்கார்ந்து நிதானமாகப் பேச முடிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. முதல் விஷயத்தில் ஆப் நன்றாகவே உதவுகிறது. இரண்டாவதற்கு அதன் ஸ்டார் ரேட்டிங்கை நான் நம்புவதில்லை.

அந்த ஒரே எண்ணுக்குள் எல்லாம் கலந்து கிடக்கிறது. பார்சல் தாமதமானதற்கு ஒருவர் ஒரு ஸ்டார் கொடுத்திருப்பார். மதியம் அவசரமாகச் சாப்பிட்டுப் போனவர் ஐந்து கொடுத்திருப்பார். இரவு எட்டு மணிக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று இரண்டிலும் தெரியாது. ஆனால் கடைக்காரர்களுக்கு அந்த எண் பெரிய விஷயம். அப்போது ஹார்வர்டில் இருந்த பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் லூகா 2011இல் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதாகக் கண்டார். அதுவும் தனிக் கடைகளுக்குத்தான். செயின் உணவகங்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

அதனால் நான் நேராக வாடிக்கையாளர்கள் எடுத்த போட்டோக்களுக்குப் போய்விடுவேன். கடைக்காரர் போடும் படங்களில் பெரும்பாலும் காலி மேசைகள்தான் இருக்கும். இரவில், கூட்டத்தோடு எடுத்த படம் ஒன்று கிடைத்தால் போதும்: மேசைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, விளக்கு கண்ணைக் கூசுகிறதா, சுவரும் தரையும் எதனால் ஆனவை என்று எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் ரிவ்யூக்களுக்குள் ‘சத்தம்’ என்று தேடுவேன். புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்துவது அவசியம். நிர்வாகம் மாறிய கடைக்குப் பழைய பாராட்டு எதற்கு?

சத்தத்தை இவ்வளவு பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். கூட்டம் கூடக் கூட, பக்கத்து மேசையை மீறிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். அதைக் கேட்டு அடுத்தவர் இன்னும் உயர்த்துகிறார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார்ட் 1911இல் விவரித்த விளைவு இது, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கண்ணாடிச் சுவர், கல் தரை, வெறும் கூரை உள்ள இடத்தில் சத்தம் எதிரொலித்து இது இன்னும் மோசமாகும். திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை, புத்தக அலமாரி இருந்தால் கொஞ்சம் அடங்கும். அலங்காரமே இல்லாத சின்னக் கடையில்கூட சுவரோரமாக, ஸ்பீக்கருக்கும் சமையலறை வாசலுக்கும் தள்ளி ஒரு மேசை கிடைத்தால் அந்த மாலை நன்றாகவே போகும். பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் குறைத்தார்கள்.

விலை விஷயம் எளிது. ஆப் காட்டும் விலைக் குறியீடு மிகவும் தோராயமானது. சமீபத்தில் யாராவது எடுத்த மெனு படம்தான் நம்பகமானது. பானங்கள், வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று முன்பே கணக்குப் போட்டுவிடுவேன். முக்கியச் சாலையை விட்டு ஒரு தெரு உள்ளே தேடுவது எனக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. வாடகை குறைந்தால் அது மெனுவிலும் தெரியும், வாகன இரைச்சலும் குறையும்.

எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் என்று காட்டும் வரைபடத்தைத்தான் இந்த ஆப்பில் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். உச்ச நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், வார நாளில் போனால் அதே கடை வேறு கடை மாதிரி இருக்கும். பரிமாறுகிறவரும் நின்று பேசுவார், எழுந்துகொள்ளச் சொல்லி யாரும் பார்க்க மாட்டார்கள்.

குறை என்று சொன்னால், சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் தனி மதிப்பெண் இல்லாதது. அது வரும்வரை, நான் எழுதும் ஒவ்வொரு ரிவ்யூவிலும் போன கிழமை, நேரம், உட்கார்ந்த மேசை, குரலை உயர்த்தாமல் பேச முடிந்ததா என்ற நான்கையும் சேர்த்துவிடுகிறேன். நீங்களும் எழுதினால் எனக்கும் உதவும்.