ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600: முதல் கேமிங் கணினிக்கு இந்த ஜோடி போதுமா?

1080பி மானிட்டர், ஹை செட்டிங், பெரும்பாலான கேம்களில் நொடிக்கு 60 ஃப்ரேமுக்குக் கீழே இறங்காத ஓட்டம். முதல் கேமிங் கணினிக்கு இதற்கு மேல் ஆசைப்பட்டால் பட்ஜெட் தாங்காது. இதற்குக் கீழே இறங்கினால் சீக்கிரமே மறுபடி செலவு வைக்கும். ரைசன் 5 5600 ப்ராசசரும் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்த ஜோடி இந்த இடத்தில்தான் சரியாக வந்து உட்காருகிறது. கார்டு 2021 அக்டோபரில் வந்தது, ப்ராசசர் 2022 ஏப்ரலில். பழைய சரக்குதான். ஆனால் புதிது என்ற பெயரில் இதைவிட மெதுவானதை இதே பணத்துக்கு விற்பது சாதாரணமாக நடக்கிறது.

முதலில் கார்டு. கேமிங் கணினியில் பணத்தின் பெரும்பங்கு போக வேண்டிய இடம் இதுதான். ஆர்எக்ஸ் 6600-இல் 8 ஜிபி மெமரி, 128 பிட் பஸ் (மெமரியோடு தரவு நகரும் பாதையின் அகலம்). முழு வேகத்தில் ஓடும்போதும் 132 வாட்தான் குடிக்கும். ஒரே ஒரு 8 பின் இணைப்பு போதும். இரண்டு ஃபேன் உள்ள எளிய மாடலே குளிர்ச்சியாகவும் சத்தமில்லாமலும் ஓடுவதால் மூன்று ஃபேன் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண். புதிய அன்ரியல் எஞ்சின் 5 கேம்களில் மட்டும் மீடியத்துக்கு இறங்கி எஃப்எஸ்ஆர்-ஐப் (குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் ஏஎம்டி வசதி) போட வேண்டியிருக்கும். 1080பி-யில் எஃப்எஸ்ஆர் 2 போட்டால் புல், கம்பிவேலி, தலைமுடி போன்ற மெல்லிய உருவங்கள் மினுமினுப்பது கண்ணில் படும். அந்த கேமில் இன்டெலின் அதே மாதிரி வசதியான எக்ஸ்இஎஸ்எஸ் இருந்தால் அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பல இடங்களில் அதுவே தெளிவாக இருக்கிறது.

ஒளி, நிழல், பிரதிபலிப்பை நிஜம்போலக் கணக்கிடும் ரே டிரேசிங்கில் இந்தக் கார்டு நோஞ்சான். அதற்காக அந்த வசதியே வேண்டாம் என்று இன்னும் பழைய கார்டுக்குப் போய்விடக் கூடாது. டூம்: தி டார்க் ஏஜஸ், இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் ஆகிய இரண்டும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. இரண்டுக்கும் அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சப் பட்டியலில் ஏஎம்டி பக்கம் நிற்பது ஆர்எக்ஸ் 6600. அதாவது ஒரு காலத்து ராஜாவான ஜிடிஎக்ஸ் 1080 டிஐ வெளியே நிற்க, இது உள்ளே போகிறது.

எண்ணைப் பார்த்து ஏமாறும் இடங்களும் இங்கேதான் அதிகம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, பெயரளவில் 6600-க்கு ஒரே படி கீழே. உள்ளே பார்த்தால் 4 ஜிபி மெமரி, 64 பிட் பஸ், மதர்போர்டோடு இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் வெறும் நான்கு. வீடியோ என்கோடரையே எடுத்துவிட்டதால் கேமைப் பதிவு செய்யும் சுமையும் ப்ராசசர் தலையில் விழும். 4 ஜிபி நிரம்பியதும் மிச்ச டெக்ஸ்சரை ரேமிலிருந்து அந்த நான்கு லேன் வழியாக இழுக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும், படம் திக்கித் திக்கி நகரும். ஆர்எக்ஸ் 6600-க்கும் முழு 16 லேன் கிடையாது, எட்டுதான். ஆனால் 8 ஜிபி மெமரி நிரம்பாதவரை 3.0 போர்டிலும் இழப்பு சொற்பம்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கார்டுகள் உலவுகின்றன. 2022-இல் வந்தது 8 ஜிபி, 128 பிட். 2024-இல் வந்தது 6 ஜிபி, 96 பிட், கோர்களும் குறைவு. பெட்டியில் 6 ஜிபி என்று போட்டிருப்பதை மெமரி மட்டும் குறைவு என்று எடுத்துக்கொண்டால் தவறு. அதற்கும் ஒரு நியாயமான வேலை உண்டு: 70 வாட்டில் ஓடுவதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் இணைப்பு தேவையில்லை, பவர் சப்ளையை மாற்ற முடியாத பழைய ஆபீஸ் கணினியில் சொருகலாம். புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு அது வேண்டாம். 8 ஜிபி மாடலும் சாதாரண வேகத்தில் 6600-க்குத் தெளிவாகப் பின்தங்குகிறது, எஃப்எஸ்ஆர் மாதிரியான என்விடியா வசதி டிஎல்எஸ்எஸ் மட்டுமே அதன் பலம். செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 தேடினால் 2048 எஸ்பி என்ற வால் இருக்கிறதா என்று பாருங்கள். அசல் 580-இல் 2304 ஸ்ட்ரீம் ப்ராசசர், இதில் 2048. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அந்த எண்ணைக் காட்டும். பயாஸை, அதாவது கார்டையோ போர்டையோ எழுப்பும் உள் மென்பொருளை, மாற்றி எழுதிய போலி கார்டுகள் பலவற்றையும் பிடித்துவிடும்.

ரெடிமேட் கணினி விளம்பரத்தில் "ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ்" என்று மொட்டையாகப் போட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஐ7-க்குப் பின்னால் நான்கு அல்லது ஐந்து இலக்க எண் இல்லையென்றால் பெரும்பாலும் பத்து வருடப் பழசு. அந்த 4 ஜிபி கிராபிக்ஸும் ஜிடி 730-ஆக இருக்கலாம், இன்றைய கேமுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. எத்தனை வண்ண விளக்கு எரிந்தாலும் ஃப்ரேம் ஏறாது.

ப்ராசசரில் 5600, 5500, 5600ஜி மூன்றிலுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். வித்தியாசம் கேஷில், அதாவது ப்ராசசருக்குள்ளேயே உள்ள வேகமான சிறு மெமரியில், இருக்கிறது. 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ், மற்ற இரண்டிலும் 16 எம்பி. அவை இரண்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-உடன் நின்றுவிடும். கார்டுக்கு இப்போது பணமே இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்கு மட்டும் 5600ஜி சரி. அதன் உள் கிராபிக்ஸில் லேசான ஈஸ்போர்ட்ஸ் கேம்கள் ஓடும். கார்டும் சேர்த்து வாங்குபவர் அதை எடுத்தால் பயன்படாத ஒன்றுக்குக் காசு கொடுக்கிறார். இன்டெல் பக்கம் ஐ3-12100எஃப் நல்ல மாற்று, கேம் மட்டும் ஆடினால் நான்கு கோரில் சமாளிக்கும். பின்னணியில் பிரௌசர், வாய்ஸ் சாட், பதிவு என்று சேரும்போது மூச்சு வாங்கும். எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல்லிலும், 5600-இலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் ஸ்விட்சைப் போட்டு, திரை கருப்பாக இருக்கிறதே என்று போர்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

போர்டுக்கு பி550 எடுங்கள். ஏ520 போதாதா என்றால், போதும், அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இல்லை, ஓவர்கிளாக் (ப்ராசசர் வேகத்தைக் கூட்டி ஓட்டுவது) இல்லை, அவ்வளவே. பி450 பழைய இருப்பாக இருந்தால் பயாஸ் புதுப்பிக்காமல் 5000 வரிசை ப்ராசசர் எழும்பாது. வாங்கும் இடத்திலேயே புதுப்பித்துத் தரச் சொல்லலாம், அல்லது ப்ராசசர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பார்க்கலாம்.

ரேம் 16 ஜிபி, டிடிஆர்4 3200, எட்டு எட்டாக இரண்டு. ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் பாதி பாதையில்தான் தரவு நகரும்; சராசரி ஃப்ரேமைவிட இடையிடையே வரும் திக்கலில் அது தெரியும். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். ஸ்டோரேஜ் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும், 500 ஜிபி வாங்கினால் எதையாவது அழித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பவர் சப்ளை: இந்த ஜோடி ஆடும்போது மொத்தக் கணினியும் 300 வாட்டைத் தொடாது, கார்டுக்கு ஏஎம்டி சொல்வதே 450 வாட். ஆனாலும் நல்ல நிறுவனத்தின் 550 வாட் எடுங்கள், நாளைக்குக் கார்டு மாற்றும்போது இதை மாற்ற வேண்டாம். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றைப் பற்றி அல்ல. கேபினட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத சப்ளையைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கேபினட் விஷயத்தில் ஒரே நிபந்தனை, முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும். கண்ணாடி மூடிய முன்பக்கம் அழகுதான், காற்றுக்கு வழி இல்லை.

பொருத்தும்போது வழக்கமாகத் தடுக்கும் இடம் கூலர். 5600-உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த்துக்கு போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். நான்காவது ஸ்க்ரூ வந்ததும் பின்னாலிருக்கும் தகடு கழன்று விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பேஸ்ட் கூலரிலேயே பூசி வருகிறது, மேலே வேறு தடவாதீர்கள். ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு எப்போதாவது கழற்ற நேர்ந்தால் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரைத் திருகியபடி எடுக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே ப்ராசசர் பின்னோடு பிடுங்கிக்கொண்டு வரும். ப்ராசசருக்கான 4+4 பின் கேபிளும் கார்டுக்கான 6+2 கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், வயரிங் நேர்மாறானது. மக்கர் செய்தால் கேபிளின் மேல் எழுத்தைப் படியுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள்.

முதல்முறை எழும்பியதும் நேராக பயாஸுக்குள் போங்கள். ரேமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி போடாதவரை 3200 ரேம் பெரும்பாலும் 2133 முதல் 2666 வரைதான் ஓடும். அதோடு பழைய முறையில் எழுப்பும் சிஎஸ்எம்-ஐ அணைத்து, கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரேயடியாக அணுக உதவும் அபவ் 4ஜி டிகோடிங், ரீசைசபிள் பார் இரண்டையும் போடுங்கள். எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளும் போட்டிருக்கட்டும், விண்டோஸ் 11-இல் வேலரன்ட் கேம் அவை இல்லாமல் உள்ளே விடாது. இதையெல்லாம் விண்டோஸ் நிறுவும் முன்பே செய்ய ஒரு காரணம் உண்டு: சிஎஸ்எம் வழியாக எம்பிஆர் என்ற பழைய வகைப் பகுப்புள்ள வட்டில் நிறுவிவிட்டுப் பிறகு சிஎஸ்எம்-ஐ அணைத்தால் விண்டோஸ் எழும்பாது.

யாருக்கு இந்த ஜோடி வேண்டாம்? பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்பவர், தினமும் நேரலை விடுபவர் என்விடியா பக்கம் போகட்டும், அந்த வேலைகளில் அது முந்துகிறது. 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் இனி புதுத் தலைமுறை வராது. 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி ப்ராசசர் கிடைத்தால் ஏறலாம், அதோடு சரி. அதற்கு மேல் போக ஏஎம்5, டிடிஆர்5 என்று போர்டும் ரேமும் சேர்த்து மாற வேண்டும்.

மானிட்டர் கேபிளை போர்டின் பின்பக்கத்தில் அல்ல, கார்டில் செருகுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் நல்லது. விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவுக்குள் போய் 144-ஐ நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அதுவரை பல மானிட்டர்கள் 60-இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.