ஒரு டிரங்குப் பெட்டியும் நான்கு நிதி வழிகளும்: ஊர் ஆவணங்களைக் காக்க யாரிடம் கேட்பது?

பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கும். உள்ளே வைத்திய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று, தாத்தா காலத்து நிலப் பத்திரங்கள், பற்றுவரவு நோட்டுகள், ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம், 1960களின் தேர்தல் நோட்டீஸ், சில கேசட்டுகள், ஒரு பித்தளைப் படி. வீட்டார் நல்ல மனதோடு அதை உள்ளூர் அறக்கட்டளை ஒன்றிடம் கொடுத்துவிடுகிறார்கள். அறக்கட்டளையிடம் இடம் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, பணம் இல்லை.

இந்த நிலையில் பலரும் எது பெரிய தொகை என்று பார்த்து விண்ணப்பிக்கிறார்கள். அது சரியான தொடக்கம் இல்லை. பெட்டியில் இருப்பது என்ன, எந்தக் காலத்தது என்பதுதான் யாரிடம் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. மேலே சொன்ன பெட்டி முழுவதையும் ஏற்கும் ஒரே நிதி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் மத்திய அரசு. 2003இல் தேசியச் சுவடிகள் இயக்கம் தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் ஞான பாரதம் என்ற பெயரில் அது விரிவாக்கப்பட்டு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காப்பது இலக்கு என்று அறிவிக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் சுவடி என்பதற்கு அந்த இயக்கம் வைத்திருந்த வரையறையைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். குறைந்தது 75 ஆண்டு பழையதாக, கையால் எழுதியதாக இருக்க வேண்டும். அச்சு நூல் சேராது. கல்வெட்டும் வருவாய்க் கணக்கும் சேராது, அவை ‘வரலாற்று ஆவணம்’ என்று தனியாக ஒதுக்கப்பட்டுவிட்டன. அதாவது ஓலையில் வைத்தியம் எழுதியிருந்தால் சுவடி, அதே ஓலையில் ஊர் நிலவரிக் கணக்கு எழுதியிருந்தால் சுவடி இல்லை. நம் ஊர் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை ஓலையில்தான் இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஓலைக் கட்டுக்கு மட்டும் அரசு வழியை நான் முதலில் வைப்பேன். சுவடியைத் தூசி தட்டி, எண்ணெய் பூசி, உடைந்த ஓலையைச் சேர்க்கத் தெரிந்த ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். காசோலையை விட அந்தக் கைப்பழக்கம்தான் நமக்குப் பெரிய உதவி.

அடுத்தது வெளிநாட்டு நல்கைகள் இரண்டு. இரண்டுக்கும் பின்னால் பணம் தருவது ஆர்க்கேடியா என்ற ஒரே அறநிதிதான், ஆனால் குணம் வேறு. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் 2004இல் தொடங்கியது. தோராயமாக 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையவற்றை அது எடுத்துக்கொள்கிறது. பத்திரம், பற்றுவரவு நோட்டு, பழைய அச்சு, புகைப்படம் எல்லாம் அங்கே செல்லும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் இந்த நல்கையில்தான் படியெடுத்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வேளாண்மை சார்ந்த ஆவணங்களையும் தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களையும் இதில் சேர்த்தது. கலிஃபோர்னியாவில் யூசிஎல்ஏ பல்கலைக்கழக நூலகம் 2018இல் தொடங்கிய நவீன அழியும் ஆவணங்கள் திட்டம் 20, 21ஆம் நூற்றாண்டுகளுக்கானது. நம் தேர்தல் நோட்டீஸுக்கும் கேசட்டுக்கும் அதுதான் இடம்.

இரண்டிலும் எனக்குப் பிடித்த விதி, அசல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது. கேமராவில் எடுத்த படி (நகல்) மட்டும்தான் போகும். பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தில் வாங்கும் கேமராவும் கணினியும் வேலை முடிந்தபின் உள்ளூரிலேயே தங்கிவிடும். ஆனால் நிறுவனத்தின் வாடகை, மின்கட்டணம் போன்ற பொதுச் செலவுக்கு அந்தத் திட்டம் பணம் தராது. படம் எடுக்கும் காலத்துக்குத்தான் நல்கை, அதற்குப் பிறகு பெட்டியை எலியிடமிருந்தும் மழையிடமிருந்தும் காப்பது நம் பொறுப்பு.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எடுத்த படி எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏறும். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் குடும்பத்தின் பத்திரத்தை அப்படி ஏற்றலாமா? வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் விண்ணப்பத்தைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. அதேபோல வெளிநாட்டு சர்வரை மட்டும் நம்பவும் கூடாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் படிகள் மாதக்கணக்கில் யாருக்கும் கிடைக்கவில்லை. உள்ளூரில் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு படி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் வேலை நிற்கவில்லை.

சரி, இந்தியாவில் உள்ள சிறிய அறக்கட்டளை இந்த வெளிநாட்டு நல்கையை நேரடியாகப் பெற முடியுமா? பெரும்பாலும் முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் கேட்பார்கள். குறிப்பிட்ட ஒரு நல்கைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கவும் வழி உண்டு, ஆனால் அதுவும் உள்துறை அமைச்சகம் வரை போகும் வேலை. பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் வழியாகத்தான் வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஒரு பெரிய நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை உங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. அதனால் அந்த நிறுவனமே வேலையை நடத்த, நீங்கள் பெட்டியையும் ஊர்த் தொடர்பையும் தரும் கூட்டாளியாக நிற்பதுதான் நடைமுறையில் உள்ள வழி. யார் பெயரில் ஆவணம் இருக்கும், அசல் எங்கே திரும்பும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்), அதாவது பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுநலனுக்குச் செலவிடும் பணம். அதை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே பாரம்பரியம், கலை, பொது நூலகம் எல்லாம் இருக்கின்றன. அறக்கட்டளைக்கான வருமானவரிப் பதிவும், இந்த நிதியைப் பெறப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவமும், மூன்றாண்டு அனுபவமும் இருந்தால் கேட்கலாம். ஆனால் பள்ளிக் கழிவறை, கண் சிகிச்சை முகாம் ஆகியவற்றோடு ஓலைக் கட்டு போட்டி போட வேண்டியிருக்கும். நூலக அறை, அலமாரி, பித்தளைப் படியைக் காட்சிக்கு வைக்கும் கண்ணாடிப் பெட்டி என்று கண்ணால் பார்க்கக்கூடியதைக் கேட்டால் வாய்ப்பு அதிகம். பட்டியல் தயாரிக்கும் ஆளுக்குச் சம்பளம் கேட்டால் குறைவு.

கடைசியாக, ஊராரும் புலம்பெயர்ந்தோரும் தரும் சிறு நன்கொடை. இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்க்க 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற திட்டம் தன்னார்வலர்களையும் பல நாட்டுத் தமிழர்களின் நன்கொடையையும் வைத்து வளர்ந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நேரில் கண்ட தலைமுறைக்குப் படி எடுத்துவை என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பணம் அதிகம் வராது, ஆனால் எதற்கும் செலவழிக்கலாம். வாடகை கட்டலாம், பட்டியல் போடும் பெண்ணுக்கு மாதாமாதம் சம்பளம் தரலாம், அடுத்த வருடம் ஓலைக்கு மறுபடி எண்ணெய் பூசலாம். எனக்கு இந்த வழிதான் அடித்தளம். மற்ற மூன்றும் அதன் மேல் வரட்டும்.

உங்கள் அறக்கட்டளைக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லையா? அப்படியானால் இந்த வருடம் எங்கும் பெரிய விண்ணப்பம் போட வேண்டாம். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தாளுக்கும் எண் கொடுங்கள். என்ன தாள், யார் வீட்டுடையது, எந்த வருடம், எவ்வளவு சேதம் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். செல்போனில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து எந்த விண்ணப்பப் படிவத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் கேட்பது இந்த நோட்டில் இருப்பதைத்தான்.