இலையும் சிறகும் பார்க்க: பழைய ஃபீல்ட் எமிஷன் செம்மா, புதிய மேசைச் செம்மா?

செங்கோட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் கல்லூரித் தாவரவியல் துறைக்கு செம் (SEM), அதாவது எலக்ட்ரான் கற்றையால் பொருளின் மேற்பரப்பை வருடிப் படமெடுக்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வாங்கப் பணம் வந்தபோது, ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு இயந்திரங்கள் கிடைத்தன. ஒன்று, நகரத்து ஆய்வகம் ஒன்று விற்க வைத்திருந்த பெரிய ஃபீல்ட் எமிஷன் செம், மிகக் கூரான ஊசி முனையிலிருந்து எலக்ட்ரானை இழுக்கும் வகை. மற்றது, சூடான டங்ஸ்டன் கம்பியில் (ஃபிலமென்ட்) ஓடும் புத்தம் புதிய மேசைச் செம். நாங்கள் சின்னதை எடுத்தோம், இரண்டு சாரல் காலம் ஓட்டிவிட்டோம். அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

படத்தின் கூர்மை என்றால் பெரியதுதான், அதில் பேச்சே இல்லை. அது 1 நானோமீட்டர் அளவுக்குப் பிரித்துக் காட்டும், எங்களுடையது 10 நானோமீட்டரை ஒட்டி நின்றுவிடும். ஆனால் நாம் பார்க்கப்போகும் பொருளின் அளவு என்ன? தாமரை இலையில் தண்ணீரை ஒட்டவிடாத மேடுகள் ஒவ்வொன்றும் 10 மைக்ரான் போல இருக்கும் (ஒரு மைக்ரான் என்றால் 1000 நானோமீட்டர்). செம்பருத்தி மகரந்தம் 100 மைக்ரானைத் தாண்டும், சுற்றிலும் முள். பட்டாம்பூச்சிச் சிறகின் செதிலில் வரப்பு வரப்பாக ஓடும் கோடுகளுக்கு இடைவெளி ஓரிரு மைக்ரான். இதெல்லாம் சின்ன இயந்திரத்திலேயே அழகாக வரும்.

திணறுகிற இடங்களும் உண்டு. அந்தத் தாமரை மேட்டின் மேல் இருக்கும் மெழுகுக் குழாய்கள் 100 நானோமீட்டர் தடிமன்தான், எங்கள் படத்தில் அவை பஞ்சு மாதிரித் தெரிகின்றன. பல்லி விரலின் நுண்முடி தெரியும், அதன் நுனியில் 200 நானோமீட்டர் அகலத்தில் இருக்கும் தட்டுகள் மங்கல்தான். ஃபீல்ட் எமிஷனில் 1 கிலோவோல்ட் என்ற மென்மையான கற்றையிலேயே நல்ல படம் எடுக்கலாம். எங்கள் 10 கிலோவோல்ட் கற்றையை ஒரே இடத்தில் நிறுத்தினால் மெழுகு இளகிப் போவதைத் திரையிலேயே பார்க்கிறோம், மனசு கஷ்டமாக இருக்கும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஃபீல்ட் எமிஷன் ஊசி நல்லபடியாக இருக்க வேண்டுமானால் எலக்ட்ரான் துப்பாக்கிக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட லட்சம் கோடி மடங்கு குறைவாக இருக்க வேண்டும், அதற்காக அந்த வேக்குவத்தைக் காக்கும் அயான் பம்ப் இரவு பகல் ஓட வேண்டும், ஷாட்கி வகை என்றால் ஊசியும் 1800 கெல்வின் சூட்டிலேயே இருந்துகொண்டிருக்கும், கூடவே குளிர்நீர் சுற்றும் சில்லர், ஏசி, யுபிஎஸ். இங்கே ஜூனில் சாரல் தொடங்கினால் ஆரியங்காவு கணவாய்க் காற்றில் மரம் விழும், லைன் அறும், கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. யுபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்கலாம், அப்புறம்? வேக்குவம் கெட்டால் துப்பாக்கியைச் சூடேற்றி ஈரத்தை வெளியேற்றவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஊசியே போனால் பொறியாளர் வெளியூரிலிருந்து வர வேண்டும், பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை வேறு.

மேசைச் செம்மில் கரண்ட் போனால் வேலை நிற்கும், அவ்வளவுதான். வந்ததும் பொத்தானை அழுத்தினால் சில நிமிடத்தில் வேக்குவம் ஏறிவிடும். ஃபிலமென்ட் நூறு மணி நேரம் போல உழைக்கும், அறுந்தால் அரை மணியில் மாற்றிவிடலாம். இதுவரை பதினொன்று மாற்றியிருக்கிறோம், அதில் ஏழு மாணவர்கள் கையால்.

மாணவர்கள் தாங்களே கைவைத்து வேலை செய்வது எனக்கு மிக முக்கியம். பெரிய இயந்திரத்தின் அறைக்குள் ஈரமான எதையும் வைக்கப் பயப்படுவார்கள், பயப்படவும் வேண்டும். இங்கே குறை வேக்குவத்தில், உள்ளே மிச்சமிருக்கும் காற்றே இலைமேல் சேர்ந்து படத்தைக் கெடுக்கும் மின்னேற்றத்தைக் கழித்துவிடுவதால் தங்கப் பூச்சு இல்லாமலே இலையை வைக்கலாம். புளியரையிலிருந்து வரும் பிள்ளை காலையில் பறித்த இலையை மதியத்துக்குள் திரையில் பார்த்துவிடுகிறாள். எல்லாமே தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஏலப் பூவின் மகரந்தத்துக்கு வெளித்தோல் மிக மெல்லியது, வேக்குவத்தில் சுருங்கி அமுங்கிவிடும். அதை எந்த இயந்திரமானாலும் முறையாக உலர்த்தித்தான் வைக்க வேண்டும்.

ஃபீல்ட் எமிஷனில் நான் உட்கார்ந்தது மொத்தம் நான்கு நாள், எங்கள் இயந்திரத்தில் வேக்குவம் ஏற்றும் டர்போ பம்ப்புக்கும் வயது இரண்டுதான். அதனால் பத்தாண்டுக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள். நிலையான மின்சாரமும் தனி ஆளும் இருக்கும் இடம், பார்ப்பதும் 100 நானோமீட்டருக்குக் கீழே என்றால் பெரியதையே எடுங்கள்.

மெழுகுக் குழாய் மாதிரி வேலைக்கு ஸ்டப்புகளை (மாதிரியை ஒட்டிவைக்கும் சின்ன உலோகத் தாங்கிகள்) தயார் செய்து நகரத்து ஆய்வகத்துக்கு மணிக்கணக்குக் கட்டணத்தில் கொண்டுபோகிறோம். சாரல் மாதங்களில் மட்டும் டப்பாவுக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை அதை மறந்து பஸ்ஸில் கொண்டுபோனதில் எட்டு ஸ்டப்பில் ஐந்து ஈரம் பிடித்து வீணாகிவிட்டன.