ஓப்பன் சைட், ஸ்கோப், பீப் சைட்: ஏற்காட்டு ஈரத்தில் எது நிற்கிறது?

என் ஏர் ரைபிளின் மேல் கடந்த நான்கு ஆண்டுகளில் மூன்று விதமான குறிபார்க்கும் கருவிகள் ஏறி இறங்கியிருக்கின்றன. துப்பாக்கியோடு வந்த, பள்ளமும் முள்ளும் கொண்ட ஓப்பன் சைட்டில் தொடங்கி, ஆசைப்பட்டுத் தொலைநோக்கி போன்ற ஸ்கோப்புக்குப் போய், கடைசியில் சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட்டில் வந்து நின்றிருக்கிறேன். எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை: பத்து மீட்டரில் காகித இலக்கைச் சுடுபவருக்கு, அதுவும் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்வருபவருக்கு, பீப் சைட்தான் என் தேர்வு. துல்லியத்தைவிடப் பராமரிப்பே என்னை அந்தப் பக்கம் தள்ளியது.

என்னுடையது 0.177 அங்குலத் துளையுள்ள, குழலை மடக்கி ஸ்ப்ரிங்கை ஏற்றும் பிரேக் பேரல் வகை. முகவாய் ஆற்றல் (குழலை விட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல்) 20 ஜூலைத் தாண்டாத இந்த அளவுத் துப்பாக்கிக்கு, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. வீடு சேலம் அஸ்தம்பட்டியில், சுடும் இடம் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் மைத்துனரின் காப்பித் தோட்டத்துக் களம். அறுவடை இல்லாத மாதங்களில் அது சும்மா கிடக்கும். கிடங்குத் தாழ்வாரத்தில் நின்று, பழந்துணி திணித்த மரப்பெட்டியில் இலக்குத் தாளை ஒட்டிச் சுடுகிறோம். பெட்டிக்குப் பின்னால் மண் மேடு. தோட்டம் என்றதும் பறவை சுடுவதா என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இங்கு இடமில்லை.

ஓப்பன் சைட்டைப் பற்றி அதிகம் நீட்ட ஒன்றுமில்லை. தனிச் செலவு கிடையாது, எளிதில் உடையாது, எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். தொடங்குபவர் ஆறு மாதமாவது அதில் சுட்டால்தான் மூச்சையும் ட்ரிகர் விரலையும் அடக்கப் பழகுவார். நம் நாட்டுப் போட்டிகளில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. என் அக்கா மகள் பள்ளிப் போட்டியில் அந்தப் பிரிவில்தான் இறங்கினாள். எனக்கு அது ஒத்துவராமல் போனதற்குக் காரணம் வயது. பின் சைட்டின் பள்ளம், முன் சைட்டின் முள், தள்ளி நிற்கும் இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. முள்ளைத் தெளிவாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சற்று மங்க விடுவதே வழக்கம். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு எனக்கு அந்தப் பள்ளத்தின் ஓரங்கள் கம்பளிப்பூச்சியைப் போல மயிர் விட்டுத் தெரிந்தன. போதாக்குறைக்கு, நான் போடும் புரோகிரஸிவ் கண்ணாடியில், கன்னத்தைக் கட்டையில் சாய்த்ததும் பார்வை லென்ஸின் மேல் மூலைக்கு ஓடிவிடுகிறது. இரு சைட்டுக்கும் இடைவெளி 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முள் பள்ளத்துக்குள் 0.1 மி.மீ. பிசகினாலே பத்து மீட்டரில் 2.5 மி.மீ. தள்ளிப் போகும். ஏர் ரைபிள் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள தூரம் சரியாக அவ்வளவுதான். ஒரு மயிரிழைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும்.

ஆகவே ஸ்கோப். அதை மாட்டிய முதல் நாள், நான்கு மடங்கு பெருக்கத்தில் பெல்லட் (ஈயக் குண்டு) போட்ட துளையை நின்ற இடத்திலிருந்தே பார்த்த மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை. குறுக்குக் கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிவதால் மூப்படைந்த கண்ணுக்கு அது பெரிய வரம். இருபத்தைந்து, முப்பது மீட்டரில் தகர டப்பாக்களைச் சுடுவதுதான் ஒருவருக்கு விருப்பம் என்றால், அவருக்கு நான் ஸ்கோப்பையே சொல்வேன். ஆனால் பத்து மீட்டருக்கு வாங்குபவர் பாராலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறுக்குக் கோடும் இலக்கின் மேல் நகர்வதாகத் தெரியும் பிழை) எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டே வாங்க வேண்டும். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்து விடுகிறார்கள். 40 மி.மீ. முகப்பு லென்ஸ் உள்ள அத்தகைய ஒன்றை வைத்துப் பத்து மீட்டரில் சுடும்போது, கண் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தால், குறுக்குக் கோடு இலக்கின் நடுவான பத்தின் மேல் நிற்பதாகத் தோன்றினாலும் அடி ஏறத்தாழ 18 மி.மீ. வரை விலகி விழலாம். முகப்பு லென்ஸைத் திருகிப் பத்து மீட்டருக்குக் கொண்டுவரக்கூடிய ஏர் கன் ஸ்கோப்பில் இந்தத் தொல்லை இல்லை.

என்னை உண்மையில் வதைத்தது அதன் பிறகு வந்தது. ஸ்ப்ரிங் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும். சிலிண்டர் முனையில் அழுந்திய காற்றில் பிஸ்டன் மோதி நின்றதும் மொத்தத் துப்பாக்கியும் முன்னுக்குக் குதிக்கும். சாதாரண ஸ்கோப்பின் உள்ளமைப்பு பின்னோக்கிய உதையைத் தாங்கத்தான் கட்டப்பட்டிருக்கிறது. இந்த எதிர்த்திசை உதறலில் என் முதல் ஸ்கோப்பின் குறுக்குக் கோடு மூன்றாம் மாதமே சாய்ந்துவிட்டது. இரண்டாவதாக, ஏர் கன்னுக்கென்றே செய்ததை வாங்கினேன். கோடு தாங்கியது, ஆனால் குரூப்பிங் (அடிகள் விழும் கூட்டம்) ஞாயிற்றுக்கு ஞாயிறு வேறு வேறு இடத்தில் விழுந்தது. என் கை நடுக்கம் என்றே பல வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். சந்தேகம் வந்து, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் பின் மவுண்டை ஒட்டி, அது உட்காரும் ரயிலின் (துப்பாக்கி மேலுள்ள தடம்) மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவைத்தேன். ஐம்பது பெல்லட் முடிந்து பார்த்தபோது கோடு மவுண்டுக்கு அடியில் போய் மறைந்திருந்தது. முன்னுக்குக் குதித்த துப்பாக்கியோடு சேர்ந்து வர மறுத்து, கனமான ஸ்கோப் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் நழுவியிருக்கிறது. நழுவாமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள ஒற்றைக்கட்டு மவுண்ட் போட்டதும் அது நின்றது. மறுபடி சீரோ வைத்தேன், அதாவது குறியும் அடியும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்தேன். அந்தத் திருகில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகைக் கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் பத்து மீட்டரில் அது ஏறத்தாழ 0.7 மி.மீ.தான் என்பதால், நான்கு செ.மீ. விலகலை மீட்கவே ஐம்பதுக்கு மேல் கிளிக் திருக வேண்டியிருந்தது.

நழுவலைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மலை ஈரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அடிவாரத்தில் வெயில் காயும் நாளிலும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டும். மேலே இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த ஸ்கோப்பைக் கீழே சேலத்துச் சூட்டில் பையிலிருந்து எடுத்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் போல வியர்க்கும். துடைத்துவிடலாம், அது வெளிக் கண்ணாடி. ஆனால் ஓர் ஆண்டு ஐப்பசி மழையில் ஆறு வாரம் மலைக்குப் போக முடியாமல், நுரைப்பஞ்சு வைத்த ரெக்ஸின் பைக்குள் துப்பாக்கியைத் தோட்டத்து அலமாரியிலேயே விட்டிருந்தேன். திரும்பி வந்து வெளிச்சத்தில் பார்த்தால், உட்புற லென்ஸின் ஓரத்தில் சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்த வெண்மை. கேமரா லென்ஸில் பிடிக்கும் அதே பூஞ்சை. சேலத்தில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடிய குழாய், திறந்தால் மறுபடி அந்தக் காப்பு வராது, பூஞ்சை லென்ஸின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தும் தடம் போகாது என்று சொல்லி, காசு வாங்காமலே திருப்பித் தந்தார்.

அதன் பிறகு ஸ்கோப்பைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தேன். நீல மணிகள் வெளிறிச் சிவந்தால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். வீட்டில் அதற்கு ஒரு தனி வாணலி, அதன் மேல் ஒரு தனிச் சண்டை. கழற்றிய ஸ்கோப்பை மாட்டும் ஒவ்வொரு முறையும் சீரோவைச் சரிபார்க்க இருபது பெல்லட்டாவது போகும். நமக்குக் கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் கருவிக்குச் சேவகம் செய்வதிலேயே கழிந்தால் சுடுவது எப்போது?

இனி பீப் சைட். பின்புறம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளை உள்ள வட்டத் தகடு; முன்புறம் ஒரு கூண்டுக்குள் வளையம். துளை வழியாகப் பார்க்கும்போது, முன் வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் வந்து உட்காரும். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் நடுவில் இருக்கிறதா என்பதைக் கண் தானாகவே கண்டுகொள்கிறது. பள்ளத்துக்குள் முள்ளை அளக்கும் கணக்கு இல்லை. சிறு துளை, கண்ணுக்குள் புகும் ஒளியை ஒடுக்குவதால் வளையமும் இலக்கும் ஒருசேரத் தெளிகின்றன. சாளேசுவரக் கண்ணுக்கு லென்ஸ் இல்லாமலே கிடைக்கும் வைத்தியம் இது. பின் சைட் கண்ணருகே வருவதால் இரு சைட்டுக்கும் இடைவெளி என் துப்பாக்கியில் 75 செ.மீ. ஆனது, முன்பு சொன்ன அதே 0.1 மி.மீ. பிசகு இப்போது 1.3 மி.மீ.யோடு நிற்கிறது.

பராமரிப்பு என்று பார்த்தால், ஓட்டைக்கு ஏது பூஞ்சை? மூடுபனியில் துளையில் நீர் கோத்தால் ஊதிவிட்டால் போயிற்று. மாதம் ஒருமுறை திருகுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய். சமையலறைத் தராசில் என் பீப் சைட் 140 கிராம், மவுண்டோடு சேர்த்து ஸ்கோப் 610 கிராம். எடை குறைந்ததால் உதறலுக்கு நழுவும் வேகமும் இல்லை. அதே பென்சில் கோட்டை இதற்கும் இழுத்துவைத்தேன், இரண்டு ஆண்டாக அது இழுத்த இடத்திலேயே தெரிகிறது. ஐப்பசி முழுதும் அலமாரியில் கிடந்த துப்பாக்கியை எடுத்து, முதல் பெல்லட்டே ஒன்பதில் விழுந்த காலையில்தான் நான் இந்தப் பக்கம் நிரந்தரமாக வந்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாலை ஐந்துக்கு மேல் சில்வர் ஓக் நிழலில் அந்தத் துளை வழியே இலக்கு இருண்டுவிடும்; அகலத்தை மாற்றக்கூடிய ஐரிஸ் போட்டால் இன்னும் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். வட்டமான கறுப்பு இலக்குக்கு இது ராஜா, தகர டப்பாவுக்கு அப்படியில்லை. மாட்டுவதும் அவ்வளவு எளிதாக இல்லை: பின் சைட் பழையதைவிட உயரத்தில் உட்கார்ந்ததால் எல்லா அடியும் மேலே போனது, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் அலுமினியக் கட்டை கடைந்து முன் சைட்டை உயர்த்திய பிறகே சரியானது. பிரேக் பேரலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓப்பன் சைட்டின் இரு பகுதிகளும் குழலோடு சேர்ந்தே மடங்கி நிமிர்வதால் கீல் தளர்ந்தாலும் அவற்றுக்குள் பிசகு வராது. பீப் சைட்டின் பின்பகுதியோ, ஸ்கோப்பைப் போலவே, சிலிண்டரின் மேல் உட்காருகிறது. கீல் போல்ட்டை அவ்வப்போது பார்க்காவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே ஏமாற்றும்.

இதைப் பழங்காலத்துக் கருவி என்று இளக்காரமாக நினைப்பவருக்கு ஒன்று: 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கமும், 2012இல் லண்டனில் ககன் நாரங் வென்ற வெண்கலமும் இப்படியொரு துளை வழியாகப் பார்த்துச் சுட்டவைதான். சர்வதேச விதிகள் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்பை அனுமதிப்பதில்லை. பின் சைட்டில் பார்வைக் குறைக்கான லென்ஸ் ஒன்றை மட்டும் பொருத்திக்கொள்ளலாம். வீட்டில் போட்டிக்குப் போகும் பிள்ளை இருந்தால், ஸ்கோப்பில் பழக்குவது பிறகு மறக்க வேண்டிய பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதாகும். அக்கா மகள் இந்த ஆண்டு பீப் சைட் பிரிவுக்கு மாறுகிறாள்.

இலக்கின் மேல் ஒளிரும் சிவப்புப் புள்ளியைக் காட்டும் ரெட் டாட் சைட் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். நண்பருடையதில் ஒரே ஒரு மாலை சுட்டிருக்கிறேன், அவ்வளவே என் அனுபவம். வேகமாகக் குறி கூடுகிறது. ஆனால் 3 எம்.ஓ.ஏ. புள்ளி பத்து மீட்டரில் ஏறத்தாழ 9 மி.மீ. அகலத்தை மூடிவிடும், பத்துக்கான புள்ளியோ 0.5 மி.மீ. அதேபோல், அழுத்தக் காற்றில் இயங்கும் பி.சி.பி. துப்பாக்கியில் இந்த இரட்டை உதை இல்லாததால், ஸ்கோப்பைப் பற்றி நான் சொன்ன புகாரில் பாதி அங்கே பொருந்தாது. அதில் நான் சுட்டது இரண்டு முறைதான் என்பதால் அதற்கு மேல் என் பேச்சை நீட்டமாட்டேன். பூஞ்சைப் புகார் மட்டும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொது.

ஸ்கோப்பை விற்கப் பார்த்தேன். விலை கேட்டு வந்தவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டு, “என்ன சார், உள்ளே தோட்டமே போட்டிருக்கீங்க?” என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அது நாகலூரில் மைத்துனரின் திண்ணை ஆணியில் தொங்குகிறது. அந்தியில் எதிர்ச் சரிவில் இறங்கும் காட்டுமாடுகளை எண்ணுவதற்கு, அந்த வெண்மை படர்ந்த ஓரத்தை விட்டு நடுவில் பார்த்தால் போதும் என்கிறார்.