இரண்டு உறை, ஒரே குளிசை

பெரியம்மாவின் மேசை லாச்சிக்குள் அந்த இரண்டு கடுதாசி உறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் சின்ன வெள்ளைக் குளிசை. மற்றதில் கொஞ்சம் பெரிசு, நடுவில் ஒரு கோடு. இரண்டின் மேலும் நீலப் பேனையால் சிங்களத்தில் அவசரமாக எழுதியிருந்தது. பதினொரு வருடம் கழித்து கொழும்புக்குப் போய்வந்த எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்பது இவைதான். கல்யாண வீடு, காலிமுகத் திடல், வெள்ளவத்தைக் கடைகள் எல்லாம் நல்லபடி முடிந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. பெரியம்மாவுக்கு விரதம். மட்டக்குளித் தொடர்மாடியின் நாலாம் மாடியில், காலை பத்து மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, என்னைப் பார்த்து யாரோ என்பதுபோல் முழித்தார். தங்கச்சி உடனே 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தாள். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் வந்து, விரலில் குத்திச் சீனி பார்த்து, அங்கேயே குளுக்கோஸ் ஏற்றி, போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது. வைத்தியசாலையின் பெயர் இங்கே வேண்டாம். அரை மணித்தியாலத்துக்குள் டொக்டர் பார்த்துவிட்டார். டொராண்டோவில் மகனின் முறிந்த கையோடு ஏழு மணித்தியாலம் காத்திருந்தவன் நான், அதனால் இதன் அருமை எனக்குத் தெரியும்.

சீனி ஏன் அப்படி இறங்கியது என்று கேட்டபோதுதான் உறைகள் வெளியே வந்தன. இரண்டிலும் இருந்தது ஒரே மருந்துதான், சீனி வருத்தத்துக்கான கிளிக்லசைட். அரசாங்கம் கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர், போட்டு மருந்து வாங்குவதால், ஒவ்வொரு முறையும் வேறு கம்பெனியின் குளிசை வரலாம். நிறமும் அளவும் மாறும், மருந்து மாறாது. பெரியம்மாவோ டொக்டர் புதுமருந்து ஒன்று கூட்டியிருக்கிறார் என்று நினைத்து, பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். மூன்று நாள். அதற்கு மேல் விரதம்.

“வெள்ளைக் குளிசை, பெரிய குளிசை எண்டுதான் எனக்குத் தெரியும் மகன். பேர் ஆர் சொல்லித் தந்தது?”

பெரியம்மா நாற்பது வருடமாகக் கொழும்பில் இருக்கிறார். சந்தையில் மீன்காரரோடு சிங்களத்தில் பேரம் பேசுவார், பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடிப்பார். ஆனால் சிங்களத்தில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. தமிழ்ப் பத்திரிகை வீரகேசரியை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு மரண அறிவித்தல் வரைக்கும் வாசிப்பார். ‘கேமட பெர’ என்று உறையில் எழுதியிருந்தால் அவருக்கு அது கோலம். சாப்பாட்டுக்கு முன் என்பதை அவர் ஊகித்துத்தான் நடந்துவந்திருக்கிறார். 1987இல் தமிழும் அரசகரும மொழி ஆயிற்று. வாசல் பலகையில் மூன்று மொழியும் பளபளவென்று இருக்கிறது. உயிர் தங்கியிருக்கும் அந்த உறையில் ஒரு மொழிதான்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். டொராண்டோவில் மாமாவின் குளிசைகள் காலை, மத்தியானம், இரவு என்று கட்டம் கட்டமாக அடைத்து வருகின்றன. ஆஸ்பத்திரியில் தமிழ் வேண்டுமென்றால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருகிறார்கள். ஆனால் வேலையிடத்துக் காப்புறுதி இல்லாவிட்டால் அங்கே மருந்துக்கு நான் என் காசைத்தான் கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு நாள் வோட்டில் கிடத்தி, மணிக்கொரு தரம் சீனி பார்த்து, சோறும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கூலித் தொழிலாளி அம்மாவுக்கும் அதே கவனிப்புத்தான். 1864இல் தொடங்கிய பெரியாஸ்பத்திரியும், 1870இல் வந்த மருத்துவக் கல்லூரியும், 1895இன் சீமாட்டி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியும் இந்த நகரத்து ஏழைகளைத் தூக்கிப் பிடித்து வந்திருக்கின்றன. 2022இல் நாடே மருந்துக்குத் தவித்தபோதும் கிளினிக் வரிசை நிற்கவில்லை என்று தங்கச்சி சொன்னாள். இவ்வளவும் செய்கிறவர்கள் நாலு சொல் தமிழில் எழுத மாட்டார்களா என்பதுதான் என் ஆற்றாமை.

சின்ன வயதில் அம்மாவோடு ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்கு, போவது ஞாபகம் வந்தது. கழுவிய போத்தல் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும், அதில்தான் ரோஸ் நிற மிக்ஸ்சரை ஊற்றித் தருவார்கள். போத்தலில் அளவுக்குக் கடுதாசி வெட்டி ஒட்டியிருக்கும், ஒரு வெட்டு ஒரு வேளை. எந்த மொழியும் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு விடும் நாள், டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு மருந்து வரிசையில் நின்றேன். முன்னால் எழுபது பேராவது இருந்திருப்பார்கள். கம்பிக்குப் பின்னால் மருந்தாளர் ஒரு இளம் பெண், நிமிரவே நேரமில்லை. உறைகள் வந்ததும், “மிஸ், அவவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில எழுத ஏலுமா?” என்று அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, உறைகளைத் திருப்பி வாங்கி, தானே தமிழில் எழுதினாள். ‘காலை 1, இரவு 1, சாப்பட்டுக்கு முன்’. ஒரு கால் விடுபட்டிருந்தது. பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்தது என்றாள் சிங்களத்தில். பிறகு பழைய வெள்ளைக் குளிசையை வாங்கிப் பார்த்து, அது இனி வேண்டாம் என்று கையால் காட்டித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். முழுக்க இரண்டு நிமிடம் போயிருக்கும்.

வெளியே மரநிழலில் பெரியம்மா கண்ணாடியைப் போட்டு உறையை உரக்க வாசித்தார். கால் விடுபட்டதையும் கண்டுபிடித்துவிட்டார்.

குளிசை முடிந்த பிறகும் அந்த உறையை எறிய விடவில்லையாம். கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறார், அடுத்த முறை கவுண்டரில் காட்டி, இதே மாதிரி எழுதித் தாங்கோ என்று கேட்க.