நாசிக் ஒயினரி பேக்கேஜ் என்று 38,400 ரூபாய் போச்சு. புக் செய்யும் முன் படித்துவிடுங்கள்

மும்பை, புனே பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது நாசிக் திராட்சைத் தோட்டங்களுக்கு வார இறுதியில் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள். எங்களுக்கு 38,400 ரூபாய் போய்விட்டது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீல்ஸ் ஓடும் ஒரு ஆப்பில், டூர் பேக்கேஜ் விற்கும் ஒரு பக்கம். நாங்கள் இரண்டு பேர், நாத்தனாரும் அவர் கணவரும், மொத்தம் நான்கு பேர். கங்காபூர் அணை ஓரமாகத் தோட்டத்துக்குள்ளேயே ஒரு ராத்திரி தங்கலாம், மறுநாள் திண்டோரி பக்கம் இன்னும் இரண்டு ஒயினரி, எல்லா இடத்திலும் டேஸ்டிங், நாசிக் ரோடு ஸ்டேஷனிலிருந்து கார். போதாததற்குத் தொட்டிக்குள் இறங்கித் திராட்சை மிதிக்கலாமாம்.

அந்தப் பக்கத்தை நடத்தும் ஏஜெண்டிடம் நான் முதலில் ஹிந்தியில்தான் பேசினேன். என் பெயரைச் சொன்னதும் அவன் தமிழுக்கு மாறிவிட்டான். "அக்கா, நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம். நீங்க கவலையே படாதீங்க, நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி பாத்துக்கறேன்." அதோடு ஒரு வீடியோ வந்தது. பந்தலில் கொத்துக் கொத்தாகக் கறுப்புத் திராட்சை, பின்னால் அணைத் தண்ணீர். "இப்பதான் எடுத்தேன்க்கா, உங்களுக்காகவே தோட்டத்துக்கு வந்திருக்கேன்" என்று வாய்ஸ் மெசேஜ். அந்த வீடியோவை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். முன்பணம் 10,000 போனது. கிளம்பும் முந்தின ராத்திரி, "சனிக்கிழமை ரூம் வேற ஆளுக்குப் போயிரும்க்கா" என்று அவசரப்படுத்தி மீதி 28,400-ஐயும் வாங்கினான். ஆக 38,400.

வந்தே பாரத்தில் போய் நாசிக் ரோட்டில் இறங்கினோம். கார் இல்லை. டிரைவருக்கு ஆக்சிடென்ட் என்றான். பதறிப்போய் ஆளுக்கு அடிபட்டதா என்று விசாரித்தேன், பாருங்கள்! சரி என்று நாங்களே டாக்ஸி பிடித்து கங்காபூர் போனோம்.

ரிசெப்ஷனில் இருந்த பெண் அவன் அனுப்பியிருந்த வவுச்சரைப் பார்த்தாள், அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி வவுச்சரைப் பார்த்தாள். பிறகு பேனா முனையை வைத்துக் காட்டினாள்: அவர்கள் ஒயினரியின் பெயரிலேயே ஒரு எழுத்து குறைந்திருந்தது. எங்கள் பெயரில் ரூமும் இல்லை, டேஸ்டிங்கும் இல்லை. சனிக்கிழமையானதால் ரூம் அத்தனையும் ஃபுல்.

அங்கே தோட்ட வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். சிரித்துவிட்டார். நவம்பரில் பழுத்த திராட்சை எங்கேயம்மா இருக்கும் என்றார். இந்தப் பக்கம் மழை முடிந்து செப்டம்பர், அக்டோபரில்தான் கொடியைக் கவாத்து செய்வார்களாம். அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மிதிப்பதெல்லாம் அப்போதுதான். கொடியைப் பிடித்துக் காட்டினார். மிளகு சைஸில் பச்சையாகப் பிஞ்சு, அவ்வளவுதான். அந்த வீடியோ எந்த வருஷத்துப் பிப்ரவரியில், யார் எடுத்ததோ!

கவுண்டரில் தனியாகக் காசு கட்டி டூர் பார்த்தோம். ஸ்டீல் டாங்குகள், ஓக் பீப்பாய்கள், கடைசியில் ஷெனின் பிளாங்க் என்று ஒரு வெள்ளை ஒயினை ஊற்றித் தந்தார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. ராத்திரி ஊருக்குள் ஒரு லாட்ஜ், காலையில் பஞ்சவடி. சூர்ப்பனகை மூக்கறுபட்ட இடம் என்று கைடு சொன்னபோது என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் ஒயினரியின் சர்வர் டவுன். பிறகு ரீஃபண்டுக்கு ஏழு வேலை நாள் ஆகும். பிறகு அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு. கொஞ்சம் சத்தம் போட்டதும் ஒரு க்யூஆர் அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போடுங்கக்கா, 38,400 வந்துரும்" என்றான். பணம் வாங்க எதற்கடா பின் என்று கேட்டேன். அதற்குப் பிறகு தமிழே மறந்துவிட்டது அவனுக்கு. "ஆப் கௌன், மேடம்?" (நீங்க யாரு மேடம்?) என்று ஹிந்தியில் கேட்டுவிட்டுப் போனை வைத்தான். அத்தோடு பிளாக்.

பேங்கில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். ஆப்பில் புகார் செய்தால், அந்தப் பக்கம் எங்கள் விதிமுறைகளை மீறவில்லை என்று ரெடிமேட் பதில். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன். ஒப்புகை எண் கையில் இருக்கிறது, பணம்தான் இல்லை.

எப்படி புக் செய்வது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ரூமோ டேஸ்டிங்கோ ஒயினரியின் சொந்த வெப்சைட்டிலேயே போடுங்கள், போட்டபின் அங்கேயே போன் செய்து உங்கள் பெயர் லிஸ்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். தனி ஆள் பெயருக்கு ஜிபே கேட்டால் விட்டுவிடுங்கள். ஏமாந்தால் ஏஜெண்டிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் உடனே 1930. சீக்கிரம் சொன்னால்தான் அவன் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

அந்தப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாத்தனார் போனில் பார்த்தேன். 'நியூ இயர் ஸ்பெஷல்' என்று அதே வீடியோவைப் போட்டிருக்கிறான்.