பிந்தி வந்த பதவி உயர்வு, தவறான தேதி: அமெரிக்க ராணுவப் பதிவுகள் திருத்த வாரியத்தின் சேவை எப்படி?

அமெரிக்க ராணுவத்தில் கேப்டனாகவோ மேஜராகவோ உயரவேண்டிய அதிகாரிக்கு ஆணை பல மாதம் பிந்தி வந்தால், அந்தத் தேதியைத் திருத்தித் தரும் கடைசி நிர்வாக வாசல் ராணுவப் பதிவுகள் திருத்த வாரியம். 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தொடர்ந்து உருவான அமைப்பு இது. கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ராணுவத் துறையில் வேலைபார்க்கும் சிவிலியன்கள் மூன்று பேர் கோப்பைப் படித்துப் பெரும்பான்மையில் முடிவெடுக்கிறார்கள். கடற்படைக்கும் மரைன்களுக்கும் ஒரு வாரியம், விமானப்படைக்கும் விண்வெளிப் படைக்கும் ஒரு வாரியம் என்று தனித்தனியாக உண்டு. இங்கே பேசுவது தரைப்படை வாரியத்தைப் பற்றி.

ஒரே வரியில் சொன்னால், தேதிகளைக் காட்டும் காகிதம் கையில் வைத்திருப்பவருக்கு இது நல்ல சேவை. "எனக்கு அநியாயம் நடந்தது" என்று மட்டும் எழுதி அனுப்புபவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். காரணம், வாரியம் துப்பறியும் அமைப்பு அல்ல. அலுவலகங்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும் என்ற அனுமானத்தோடுதான் அது கோப்பைத் திறக்கிறது. அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவர் தலையில் இருக்கிறது. கோப்பில் இல்லாத ஈமெயிலை அவர்கள் தேடிப்போய்க் கொண்டுவர மாட்டார்கள்.

முதலில் இரண்டு தேதிகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ரேங்க் தேதி சீனியாரிட்டியையும், அடுத்த பதவி உயர்வுக் குழுவின் பார்வைக்கு எப்போது வருவீர்கள் என்பதையும் தீர்மானிக்கிறது. அமல் தேதியிலிருந்துதான் புதிய ரேங்க்குக்கான சம்பளம் தொடங்குகிறது. "என் ரேங்க் தேதியைத் திருத்துங்கள்" என்று மட்டும் எழுதினால், அதை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தைத் தொடாமல் விடும் ஆபத்து உண்டு. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், சம்பள வித்தியாசத்தையும் தனி வரியாகக் கேளுங்கள்.

அதிகச் சிக்கல் நேஷனல் கார்டு என்ற, மாநிலங்களின் கீழ் இயங்கும் ராணுவப் படையின் அதிகாரிகளுக்குத்தான். மாநிலம் பதவி உயர்வு கொடுத்துவிடும், தோளில் புதிய சின்னமும் ஏறிவிடும். ஆனால் ஃபெடரல் (மத்திய அரசின்) அங்கீகாரம் வரும்வரை ஃபெடரல் சம்பளக் கணக்கில் பழைய ரேங்க்தான். மாநிலப் பரீட்சைக் குழுவின் நடவடிக்கைப் படிவமான என்ஜிபி 89, அங்கீகார விண்ணப்பம், மருத்துவத் தகுதி, காலியிட விவரம் எல்லாம் சேர்ந்து நேஷனல் கார்டு பீரோவுக்குப் போகும். அங்கிருந்து ஸ்க்ரோல் என்ற பெயர்ப்பட்டியலில் ஏறி, பாதுகாப்புத் துறைச் செயலர் மட்டத்தில் ஒப்புதல் பெற்றுத் திரும்பவேண்டும். மாதங்கள் கரைவது இந்தப் பயணத்தில்தான்.

சட்டம் இங்கே பொதுவிதியாகச் சொல்வது, ஃபெடரல் அங்கீகாரம் கிடைத்த நாளே அமல் தேதி என்பது. விதிவிலக்கு அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில், 14308-ஆம் பிரிவு, எஃப் உட்பிரிவில் இருக்கிறது. விண்ணப்பம் முழுமையாக வந்துசேர்ந்து பரிசீலனைக்குத் தயார் என்று பீரோ கருதிய நாளிலிருந்து 100 நாளுக்கு மேல் தாமதமாகி, அதற்கு அதிகாரியின் செயலோ செயலின்மையோ காரணமாக இல்லாவிட்டால் அமல் தேதியை முந்திய நாளுக்குக் கொண்டுபோகலாம். மாநிலப் பதவி உயர்வு 2024 ஜனவரி 1-க்கு முந்தியதானால் இது ராணுவத் துறைச் செயலரின் விருப்பத்தைப் பொறுத்தது, மாநிலப் பதவி உயர்வுத் தேதிக்கு முன்னால் போக முடியாது. 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிந்தியதானால் திருத்தியே ஆகவேண்டும். ஆனால் எந்தத் தேதிக்கு? விண்ணப்பம் தயார் என்று பீரோ கருதிய நாள், உயர் ரேங்க்குக்குரிய பணியிடத்தில் நீங்கள் அமர்ந்த நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அதற்கு.

பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாநிலப் பதவி உயர்வும் பணியிடமும் 2024 ஜனவரி 15. பீரோ விண்ணப்பத்தை முழுமை என்று ஏற்றது பிப்ரவரி 1. அங்கீகாரம் வந்தது செப்டம்பர் 10. 100-ஆவது நாள் மே 11-இலேயே கடந்துவிட்டது, மொத்தம் 222 நாள். ஆகவே திருத்தம் உண்டு, ஆனால் பிப்ரவரி 1-க்குத்தான். ஜனவரி 15 கேட்டால் சட்டம் தராத தேதியைக் கேட்டதாகிவிடும். மருத்துவப் பரிசோதனை காலாவதியாகி ஏப்ரலில் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தால் கணக்கே வேறு. பரிசோதனையைப் புதுப்பிக்காதது உங்கள் செயலின்மை என்று சொல்ல அங்கே இடம் இருக்கிறது. யூனிட் தவறான படிவத்தை இணைத்ததால் திரும்பியிருந்தால் அதை நிரூபிக்கும் ஈமெயில் வேண்டும்.

"தயார் என்று கருதிய நாள்" உங்கள் பதவி உயர்வு ஆணையில் இருக்காது. மாநிலத் தலைமையகத்தின் அதிகாரிகள் பணியாளர் பிரிவிடம் விண்ணப்பத்தின் நகர்வு வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பிரைவசி சட்டத்தின் கீழ் உங்கள் சொந்தப் பதிவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இந்த ஒற்றைத் தேதிக்காக ஒரு மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை, அது இல்லாமல் அனுப்பாதீர்கள்.

பணம் எவ்வளவு வரும் என்பதிலும் தெளிவு தேவை. முழுநேரப் பணியில் இருப்பவருக்கு முழு மாதங்களின் வித்தியாசம் கிடைக்கும். டிரில் என்ற சில மணிநேர மாதாந்திரப் பயிற்சி அமர்வுகளுக்கு மட்டும் வருபவருக்கு அப்படி இல்லை. ஒரு டிரில்லுக்கு மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு, ஒரு வார இறுதிக்கு வழக்கமாக நான்கு டிரில். ஏழு மாதத்தில் 28 டிரில், அதோடு 15 நாள் வருடாந்திரப் பயிற்சி என்று வைத்தால் 43 பங்கு. அதாவது ஒன்றரை மாத வித்தியாசம்கூட முழுதாக வராது. அவர்களுக்கு உண்மையான லாபம் ரேங்க் தேதிதான், விண்ணப்பத்தின் வாதமும் அங்கேதான் ஊன்றி நிற்கவேண்டும்.

முழுநேர ராணுவ அதிகாரிகளுக்கு வேறு கதவுகள் உண்டு. தேர்வுக்குழு அறிக்கையோ பதவி உயர்வுப் பட்டியலோ அசாதாரணச் சூழலால் எதிர்பாராமல் தாமதமானால், அதே 10-ஆம் தலைப்பின் 741-ஆம் பிரிவின்படி ரேங்க் தேதியைச் செயலர் மாற்றலாம். அப்படி மாற்றிய தேதியே சம்பளத்துக்கும் பொருந்தும். விசாரணைக்காக நிறுத்திவைத்து, பின்னர் குற்றமில்லை என்று முடிந்த பதவி உயர்வுக்கு 624-ஆம் பிரிவு. நிறுத்தம் நடக்காதிருந்தால் என்ன தேதி, என்ன சம்பளம், பட்டியலில் எந்த இடம் கிடைத்திருக்குமோ அதையே அது தருகிறது. இங்கே முதன்மை ஆவணம் விசாரணை முடிவுக் கடிதம். செனட் ஒப்புதல் தேவைப்படும் ரேங்க்கை அந்த ஒப்புதல் இல்லாமல் வாரியம் தானாக வழங்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

விண்ணப்பப் படிவம் டிடி 149. ஆன்லைனிலும் அனுப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். என்ன திருத்தம் வேண்டும் என்ற கட்டத்தில் கதை வேண்டாம்: "ரேங்க் தேதியையும் அமல் தேதியையும் 2024 செப்டம்பர் 10-இலிருந்து 2024 பிப்ரவரி 1-க்கு மாற்றி, சம்பள வித்தியாசத்தை வழங்கவும்." போதும். பிழையைக் கண்டறிந்த தேதியைத் தவறாமல் நிரப்புங்கள். அன்றிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. கெடு தாண்டியிருந்தால் நீதியின் பொருட்டு ஏன் ஏற்கவேண்டும் என்று காரணம் எழுதவேண்டும். இணைப்புகளைத் தேதி வரிசையில் எண்ணிட்டு, முன்னால் ஒரு பக்கக் காலவரிசை வையுங்கள். அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரியாமல் வெட்டிய ஈமெயில் படங்களால் பயனில்லை. அசல் ஆவணங்களைக் கொடுக்காதீர்கள், கையெழுத்தை மறக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், கீழ்மட்ட வழிகளை முடித்திருக்கவேண்டும். மாநிலமோ பீரோவோ பணியாளர் கட்டளையகமோ தாமே திருத்தக்கூடியதை அவர்களிடம் கேட்காமல் வந்தால் வாரியம் கோப்பைத் திருப்பிவிடும். அவர்கள் மறுத்த கடிதத்தையே ஓர் இணைப்பாக வையுங்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை வேகம். நூற்றுக்குத் தொண்ணூறு விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள்ளும், எதையும் பதினெட்டு மாதத்தைத் தாண்டாமலும் முடிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும் மனநிலையோடு அனுப்புவதே நல்லது. நேரில் ஆஜராகி வாதாடுவது உரிமை அல்ல, பெரும்பாலும் காகிதத்தின் மேல்தான் முடிவு.

நடுவில் ஆலோசனைக் கருத்து ஒன்று வரும். துறை அலுவலகம் வாரியத்துக்கு எழுதிய பரிந்துரை அது, உங்களுக்கும் நகல் அனுப்பிப் பதில் கேட்பார்கள். சாதகமாக இருந்தாலும் தேதியைச் சரிபாருங்கள். பாதகமாக இருந்தால் ஒவ்வொரு கூற்றுக்கும் இணைப்பு எண்ணைக் காட்டிப் பதில் எழுதுங்கள். பதிலே அனுப்பாமல் விடுவது இந்த வழியில் செய்யக்கூடிய மிகப்பெரிய தவறு.

திருத்தம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. டிஃபாஸ் என்ற சம்பள அலுவலகம் பணத்தைக் கணக்கிட்டு அனுப்பும். அதை ஏற்றுக்கொண்டால் அந்தக் கோரிக்கை முழுமையாகத் தீர்ந்ததாகிவிடும் என்பதால், டிரில் நாட்களை உங்கள் சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். புதிய ரேங்க் தேதியின்படி நீங்கள் ஏற்கெனவே ஒரு தேர்வுக்குழுவின் வரம்புக்குள் வந்திருக்கவேண்டுமானால் சிறப்புத் தேர்வுக்குழுவையும் கோரலாம். லெப்டினன்ட் கர்னலுக்கும் மேலே உள்ளவர்களுக்கும், அந்த ரேங்க்கிலேயே ஓய்வுபெறப் பொதுவாக மூன்று ஆண்டு வேண்டும் என்பதால், சில மாதத் திருத்தமே ஓய்வூதிய ரேங்க்கை மாற்றிவிடலாம்.

மறுத்தால், புதிய சான்றோடு மறுபரிசீலனை கேட்கலாம். சம்பளக் கோரிக்கையோடு, அரசின் மீதான பணக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கும் போகலாம். ஆனால் அங்கே ஆறு ஆண்டுக் கெடு உண்டு, வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் மாதங்களும் அந்த ஆறு ஆண்டுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.